புதுப்பாளையம் காட்டிய வழி

கண்ணமங்கலத்திலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய உறவினர் ஒருவர், மூன்று குழந்தைகளுக்குத் தந்தை, பல்லாண்டுகளாகக் குடிக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவர், வைத்தியசாலையில் சில வாரங்கள் தங்கிச் சிகிச்சை பெற்று, கை நடுக்கம் நீங்கி, தெளிந்த முகத்தோடு ஊர் திரும்பியிருக்கிறாராம். வீட்டார் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் நமது அன்பருக்கு ஒரு கவலை. வைத்தியர் தம் கடமையைச் செவ்வனே செய்து முடித்தார். நாளை மாலை பொழுது சாயும் வேளையில், பழைய நண்பர்கள் வாசலில் வந்து நிற்கும்போது, அவருக்குத் துணையாக நிற்பவர் யார்? ஊர்ப் பஞ்சாயத்தும் பள்ளி ஆசிரியரும் மாதர் குழுவும் கோயில் தர்மகர்த்தாவும் இதில் கையிட வேண்டுமா? அன்றி, இது அவரவர் வீட்டு விவகாரம் என்று ஒதுங்கியிருப்பதுதான் நாகரிகமா? இவ்வாறு அவர் வினவுகிறார்.

இக்கேள்விக்கு உபதேச மொழிகளால் விடை கூறுவது எளிது. ஆனால் பயன் குறைவு. உபதேசத்திற்கு நம் நாட்டில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கவும், கடைகளுக்கு முன் நிற்கும் கூட்டம் குறையவில்லை. ஆகவே, இவ்விஷயத்தில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து, ஒரு கிராமத்திலும் ஒரு மாகாணத்திலும் இருவேறு முறைகளைக் கையாண்டு பார்த்து, ஜயத்தையும் தோல்வியையும் ஒருங்கே கண்ட ஒரு பெரியாரின் சரித்திரத்தைச் சொல்லுவதே தக்க விடையாகும் என்று கருதுகிறோம். அவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். ராஜாஜி என்று நாடு அழைத்த அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவருடைய அரசியலில் உடன்பாடு உள்ளவரும் இல்லாதவரும் நம் நேயர்களில் உண்டு. இங்கே நாம் சொல்லப்புகுவது அந்த அரசியலைப் பற்றியது அன்று.

கண்ணமங்கலத்திற்கும் ராஜாஜிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அவ்வூர் வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையின் கீழ்த்திசை அடிவாரத்தை அடுத்து, காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் ரயில் மார்க்கத்தில் இருக்கிறது. இன்று திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்த அவ்வூர் அக்காலத்தில் வட ஆர்க்காடு ஜில்லாவில் அடங்கியிருந்தது. வட ஆர்க்காட்டின் தலைநகரான வேலூர்ச் சிறையில்தான் ராஜாஜி தமது முதற் சிறைவாசத்தைக் கழித்தார். பின்னர் அவர் பிரதம மந்திரியாக இருந்தபோது, கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்ட நான்கு ஜில்லாக்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. அவர் செய்த சோதனை கண்ணமங்கலத்தின் தெருக்களிலும் நடந்தேறியது. ஆகையால் அதன் பலாபலனை ஆராய அவ்வூராருக்கு விசேஷ உரிமை உண்டு.

ராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, அந்நாளைய சேலம் ஜில்லாவில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் முன்சீப். ஓசூரிலும் பெங்களூரிலும் கல்வி கற்று, சென்னையில் சட்டம் பயின்று, 1900-ஆம் ஆண்டில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். வெகு விரைவில் கீர்த்தியும் பொருளும் குவிந்தன. 1917-இல் சேலம் நகரசபைத் தலைவரானார். அதற்கு முந்திய ஆண்டிலேயே மனைவியார் அலமேலு மங்கம்மாள் ஐந்து குழந்தைகளை விட்டுக் காலமானார். தாயற்ற குழந்தைகளும் தழைத்து வரும் தொழிலும் உள்ள ஒருவர், உலக வழக்கப்படி, இன்னும் அதிகப் பொருள் தேடவே முயன்றிருப்பார். இவரோ மகாத்மா காந்தியின் அழைப்பிற்குச் செவி சாய்த்துத் தொழிலைத் துறந்தார். நாமும் அதே தொழிலில் பழகியவர்கள். பெருகி வரும் வருமானத்தை ஒரே நாளில் உதறுவது எத்தகைய செயல் என்பதை அத்தொழிலில் இருப்பவரே நன்கு அறிவர்.

1921-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் வேலூர்ச் சிறை புகுந்தார். 1922 மார்ச்சில் விடுதலை பெற்றார். அம்மூன்று மாதங்களில் அவர் எழுதி வந்த நாட்குறிப்பு பின்னர்ப் புத்தகமாக வெளிவந்தது. சுயராஜ்யம் கைவந்த மாத்திரத்தில் ஜனங்களுக்கு நல்லாட்சியும் இன்பமும் வந்துவிடா என்று அச்சிறையில் இருந்தபடியே அவர் எச்சரித்திருந்தது பலருக்குத் தெரியும். மக்களின் ஒழுக்கமும் கல்வியும் உயராமல் சட்டத்தின் மாற்றத்தால் மட்டும் வாழ்வு மாறாது என்பதே அவ்வெச்சரிக்கையின் சாரம். இதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மதுவிலக்கு விஷயத்தில் ராஜாஜியின் வெற்றியையும் குறையையும் அளக்க அவரே தந்த அளவுகோல் அது.

அதே 1921-இல்தான் தமிழ்நாட்டில் கள்ளுக்கடை மறியல் கிளர்ந்தெழுந்தது. ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி நாயக்கர் தமது தோப்பிலிருந்த தென்னை மரங்களைக் கள்ளிறக்க விடலாகாது என்று வெட்டிச் சாய்த்தார். அவர் சிறை சென்ற பின் அவர் மனைவியார் நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் மறியலைத் தாங்கி நின்றனர். குடியினால் மிகவும் துன்புறுபவர் ஸ்திரீகளே. அவர்கள் முன்வந்தால்தான் இக்காரியம் கைகூடும் என்பது அன்றே நிரூபணமாயிற்று. ஆயினும் மறியல் என்பது கடை வாசலில் நடப்பது. குடிப்பவன் வீட்டு வாசலில் நடக்க வேண்டியது வேறொன்று உண்டு. அதைத் தேடித்தான் ராஜாஜி சேலம் ஜில்லாவின் வறண்ட கிராமம் ஒன்றிற்குச் சென்றார்.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் வறட்சிக்குப் பேர்போன பிரதேசம். அவ்வூர் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் உதவ, 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி அங்கே காந்தி ஆசிரமம் நிறுவப்பட்டது. திறந்து வைத்தவர் மேற்சொன்ன ராமசாமி நாயக்கரே. பிற்காலத்தில் எதிரெதிர்த் திசைகளில் சென்ற இரு நண்பர்கள் அன்று ஒரே பந்தலில் நின்றனர். சேலத்தில் பங்களாவில் வாழ்ந்த வக்கீல், தம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, அந்த வெயிலில் ஒரு சிறிய குடிலில் குடியேறினார். ஸ்ரீ கே. சந்தானம் முதலிய கற்றறிந்த தொண்டர்கள் உடன் வந்து வசித்தனர். தீண்டாதார் என ஒதுக்கப்பட்டவர்களும் ஆசிரமத்தில் சமமாக வாழ்ந்தமையால் சுற்று வட்டாரத்தில் ஆரம்பத்தில் பகையும் முணுமுணுப்பும் எழுந்தன.

அந்த ஆசிரமம் செய்த காரியம் என்ன? முதலில், வேலை கொடுத்தது. மழை பொய்த்த காலத்தில், சுற்றுக் கிராமத்துப் பெண்கள் பஞ்சு வாங்கிச் சென்று, நூல் நூற்றுக் கொணர்ந்து, கூலி பெற்றுப் போயினர். நெசவாளர்கள் அந்நூலைத் துணியாக்கினர். இரண்டாவது, மருந்து கொடுத்தது. வைத்தியரையே கண்டறியாத ஏழைகளுக்கு ஆசிரம வைத்தியசாலை தாயகமாயிற்று. மூன்றாவது, தண்ணீர் கிடைக்க வழி செய்தது. பொதுக் கிணற்றை நெருங்க அனுமதியற்ற ஜனங்களுக்குக் கிணறு தேடித் தருவது ஆசிரமத்தின் முக்கியத் தொண்டாயிற்று. இவ்வளவும் செய்துகொண்டேதான் குடியை விடுமாறு வேண்டியது. வயிற்றுக்கு வழி காட்டாமல் ஒழுக்கத்தைப் போதிக்கச் சென்றவரல்லர் ஆசிரமத்தார். அண்டை வீட்டுக்காரராக, தினமும் முகம் பார்ப்பவராக, நோய் கண்டால் ஓடி வருபவராக இருந்து, அந்த உரிமையில் பேசினர்.

குடியை விட்டவன் வழுவினால் அது மறுநாளே தெரிந்துவிடும். வெட்கத்திற்கு அஞ்சி அவன் ஓடி ஒளிய வேண்டிய அவசியமும் அங்கு இல்லை. அவன் மனைவி நூல் கொடுக்க வரும் இடம் அதுவே, அவன் பிள்ளை மருந்துக்கு வரும் இடமும் அதுவே. ஒருவனைச் சூழ்ந்துள்ள பலரும் ஒரு நோக்கத்தோடு இணைந்து நின்று அவனைத் தாங்கும் இம்முறைக்கு அந்நாளில் பெயர் ஏதும் வைக்கப்படவில்லை. இன்றைய நிபுணர்கள் இதற்குச் சமூகக் கூட்டுறவு என்று பெயரிட்டு நூல்கள் எழுதுகின்றனர்.

பிரசாரத்தையும் ராஜாஜி மறக்கவில்லை. 1929-ஆம் ஆண்டு ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்ற மாதப் பத்திரிகை தோன்றியது. முழுக்க முழுக்க மதுவிலக்கிற்கென்றே நடந்த அப்பத்திரிகைக்கு ராஜாஜி ஆசிரியர். அவருக்கு உதவியாக இருந்தவர் பின்னாளில் தமிழகம் போற்றிய ரா. கிருஷ்ணமூர்த்தியாகிய கல்கி. கதையும் பாட்டும் சித்திரமும் கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும் தமிழில் அது பேசிற்று. குடிகாரனை ராக்ஷசனாக வர்ணிக்காமல், அகப்பட்டுக்கொண்ட மனிதனாகக் காட்டிய கதைகள் அவை. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டு, ராஜாஜி வேதாரண்யம் நோக்கி யாத்திரை சென்று சிறைப்பட்டதும் பத்திரிகை நின்றது. அகில இந்திய மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசியாகவும் அவர் பணியாற்றினார்; 1931-இல் மதுவிலக்கைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கைந்நூலும் வெளியிட்டார்.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரிப் பதவி அவரை அடைந்தது. மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு அப்போது கள், சாராய வரியினின்றே வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் நடப்பதே குடியர்களின் காசினால்தான் என்று அனுபவசாலிகளான உத்தியோகஸ்தர்கள் எடுத்துக்காட்டினர். அமெரிக்கா தேசம் பதின்மூன்று ஆண்டுகள் மதுவிலக்கைக் கையாண்டு, 1933 டிசம்பரில் கைவிட்ட செய்தி இன்னும் பழையதாகவில்லை. இவ்வளவையும் அறிந்தே ராஜாஜி துணிந்தார். பதவியேற்ற மூன்றாம் மாதத்தில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, தமது சொந்த ஜில்லாவாகிய சேலத்தில் மதுவிலக்கை அமுலுக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை ஜில்லாக்களிலும், 1939 அக்டோபரில் வட ஆர்க்காட்டிலும் அது பரவியது. நின்றுபோன வருமானத்தை ஈடு செய்யும் பொருட்டு 1939-இல் பொது விற்பனை வரியை விதித்தார். வியாபாரிகள் ஆர்ப்பரித்தனர். இந்தியாவில் பிற மாகாணங்களெல்லாம் பின்னர் அவ்வரியைப் பின்பற்றியது சரித்திரம்.

சேலத்தை முதற்கண் தேர்ந்தது பிறந்த ஊர்ப் பாசத்தால் அன்று என்பது நமது கருத்து. பன்னிரண்டு ஆண்டுகளாகப் புதுப்பாளையத்தில் விதைத்திருந்த நிலம் அது. சட்டம் வருமுன்னரே மனம் பண்பட்ட ஜனங்கள் அங்கே இருந்தனர். கடைகள் மூடப்பட்ட பின் ஏழை வீடுகளில் அரிசியும் துணியும் பெருகின; அடகில் இருந்த பாத்திரங்கள் மீண்டன; மாலை நேரத்து அடிதடிகள் குறைந்தன என்று அந்நாளில் அந்த ஜில்லாவைச் சுற்றிப் பார்த்தவர் பலர் எழுதினர். மாலைப் பொழுதைப் போக்க விளையாட்டும் பஜனையும் வேண்டும், மரம் ஏறியவனுக்கு வேறு பிழைப்பு வேண்டும் என்பதையும் ஆட்சி உணர்ந்திருந்தது. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் தொழில் ஊக்குவிக்கப்பட்டது. பிற்காலத்தில் பனை வெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் பல இதனாலேயே தோன்றின.

ஆனால் வட ஆர்க்காட்டின் கதை வேறு. அங்கே சட்டம் 1939 அக்டோபர் முதல் தேதி வந்தது. யுத்தத்தில் இந்தியாவை அதன் சம்மதமின்றி இழுத்துவிட்டதைக் கண்டித்து, அந்த மாதமே ராஜாஜி மந்திரி சபை பதவி துறந்தது. ஆகவே கண்ணமங்கலம் போன்ற ஊர்களுக்குச் சட்டம் கிடைத்தது; சட்டத்தைத் தாங்கும் தொண்டர் படை கிடைக்கவில்லை. புதுப்பாளையத்தில் பத்தாண்டுகள் நடந்த ஆயத்தம் அங்கே பத்து நாளும் நடக்கவில்லை. யுத்த காலத்தில் கவர்னரின் ஆலோசகர்கள் ஆட்சி அச்சட்டத்தையே நிறுத்தி வைத்தது. யுத்தம் முடிந்து காங்கிரஸ் ஆட்சி மீண்டபின், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2-ஆம் தேதி முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அப்போது ராஜாஜி சென்னையில் இல்லை. வங்காளத்தின் கவர்னராக இருந்து, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆகிவிட்டார்.

மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு சேலத்துச் சோதனையின் பலனை அப்படியே தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ராஜாஜியிடம் நமக்குள்ள பக்தி இந்த உண்மையை மறைக்கத் தூண்டலாகாது. மலைகளிலும் ஓடைகளிலும் திருட்டுச் சாராயம் காய்ந்தது. ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் தேனும் விற்றுப் பிழைக்கும் மலையாளிக் குடிகளில் சிலர், வெல்லமும் வேலம்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சும் தொழிலில் இழுக்கப்பட்டனர். முதல் போட்டவன் சமவெளியில் சுகமாக இருப்பான். பானையோடு பிடிபட்டவன் கோர்ட்டில் கைகட்டி நிற்பான். வக்கீலாக இருந்த காலத்தில் இக்காட்சியை நாம் பலமுறை கண்டதுண்டு. அபராதம் கட்ட ஆட்டை விற்றவன், அந்த நஷ்டத்தை ஈடு செய்ய மீண்டும் அடுப்பு மூட்டுவான். சட்டத்தின் கை நீண்டதுதான்; ஆனால் அது பிடிக்குமே தவிரத் தாங்காது.

மற்றொரு குறையும் உண்டு. பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப் பிரமையும் தோன்றி உயிருக்கே அபாயம் நேரலாம் என்று வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. டாக்டரின் கண்காணிப்பில் மருந்தோடு படிப்படியாக விடுவிக்க வேண்டியவர்கள் அவர்கள். காந்தியடிகள் குடியை ஒரு நோயாகவே கருதினார்; ராஜாஜியும் அதை மறுத்தவரல்லர். எனினும், கடையை மூடிய அரசாங்கம் நோயாளிக்குப் படுக்கை போடவில்லை. அக்காலத்து அறிவின் எல்லை அது என்று சொல்லிச் சமாதானம் அடையலாம். ஆனால் அதே காலத்தில், 1935-இல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த வில்லியம் வில்ஸன் என்ற பங்கு வர்த்தகரும் ராபர்ட் ஸ்மித் என்ற டாக்டரும் கூடி, ஒருவருக்கொருவர் துணை நின்று குடியை வென்று, ஒரு சங்கத்திற்கு வித்திட்டனர். சட்டம் தோற்ற தேசத்தில், சட்டம் ஒழிந்த இரண்டாம் ஆண்டில், சக மனிதனின் துணை வழி காட்டிற்று. அச்சங்கத்தின் கூட்டங்கள் இன்று நம் தமிழ் நகரங்களிலும் நடக்கின்றன. புதுப்பாளையத்துக் குடிலும் ஆக்ரன் நகரத்து வீடும் ஒன்றையொன்று அறியா. ஆயினும், தனித்து நிற்பவன் விழுவான், சேர்ந்து நிற்பவன் நிமிர்வான் என்ற ஒரே உண்மையை இரண்டும் கண்டறிந்தன.

ராஜாஜியின் பிற்கால வரலாற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1952 முதல் 1954 வரை முதலமைச்சர். 1954-இல் பாரத ரத்னம். 1959-இல் சுதந்திராக் கட்சி. இராமாயணமும் மகாபாரதமும் அவர் எழுத்தால் வீடுதோறும் புகுந்தன. எத்தனையோ கொள்கைகளில் நண்பர்களைப் பிரிந்தார், பகைவரோடு சேர்ந்தார், மீண்டும் பிரிந்தார். மதுவிலக்கில் மட்டும் அவர் அணுவளவும் மாறவில்லை. 1971-ஆம் ஆண்டு, தமிழ்நாட்டு அரசு மதுவிலக்கை ஒத்திவைக்கப்போவதாகச் செய்தி வந்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றிரண்டு. ஜூலை மாதத்தில், கொட்டும் மழையில், முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்திற்குத் தாமே சென்று, வேண்டாம் என்று மன்றாடினார். அவ்வாண்டு நடந்த தேர்தலில் அவ்விருவரும் எதிர்ப்பக்கங்களில் நின்றவர்கள். மானத்தைப் பெரிதாக எண்ணியிருந்தால் அவர் அந்தப் படியை மிதித்திருக்கமாட்டார்.

வேண்டுகோள் பலிக்கவில்லை. 1971 ஆகஸ்ட் 30-ஆம் தேதி மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும் கடை வாசலை அறியாதிருந்த இளைஞர்களுக்குக் கடை திறந்தது. 1972 டிசம்பர் 25-ஆம் தேதி ராஜாஜி சென்னையில் காலமானார். அவர் மறைந்த பின் 1974-இல் அதே அரசு மீண்டும் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1981-இல் அடுத்து வந்த அரசு அதைத் தளர்த்தியது. 1983-இல் மது வாணிபத்திற்கென அரசின் கழகம் ஒன்று தோன்றி, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தலாயிற்று. எக்கட்சி ஆண்டபோதும் கஜானாவின் பசி ஒன்றே. இதற்கிடையில் கள்ளச்சாராயமும் ஒழிந்தபாடில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்திற்கு அறுபதுக்கு மேற்பட்டோர் பலியாயினர். கடை திறந்திருந்தாலும் சாவு, மூடியிருந்தாலும் சாவு என்றால், ராஜாஜியின் வாழ்நாள் உழைப்பு முற்றும் வீண்தானா?

வீண் அன்று என்பதே நமது தீர்மானமான அபிப்பிராயம். அவர் செய்த இரண்டு காரியங்களையும் வேறு பிரித்து நோக்க வேண்டும். சட்டம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. அரசாங்கம் மாறியதும் அது மாறிற்று. ஆசிரமத்து முறையோ எந்த அரசாங்கத்தின் அனுமதியையும் வேண்டாதது. கடை திறந்திருந்த காலத்திலேயே புதுப்பாளையத்தில் அது பலித்தது என்பதை மறக்கலாகாது. அதே முறை பிற்காலத்தில் வேறு உருவில் தஞ்சை மண்ணிலும் தழைத்தது. குடி நோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் பெயரால் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். பட்டணத்து வைத்தியசாலைக்கு வர இயலாத கிராமவாசிகளை எண்ணி, 1989-இல் மஞ்சக்குடி என்னும் கிராமத்திலேயே அந்நிலையம் சிகிச்சை முகாம் நடத்தியது. ஊரார் இடமும் ஆதரவும் தர, வைத்தியரும் ஆலோசகரும் அங்கே சென்று தங்கினர். குடித்தவனுக்கு மட்டுமன்றி அவன் மனைவிக்கும் அறிவுரை உண்டு. முகாம் முடிந்த பிறகும் அவனை மறவாமல் தொடர்ந்து விசாரிப்பதும் உண்டு. ஊரே சாட்சியாகவும் ஊரே துணையாகவும் நின்ற அம்முறையை அறிஞர்கள் பாராட்டினர்.

இனி, கண்ணமங்கலத்து அன்பருக்கு நமது விடை. உங்கள் உறவினருடைய நோய் அவர் வீட்டு விவகாரம் அன்று. அவர் குடித்த காலத்தில் ஊர் அறிந்தது. அவர் மீளும் காலத்தில் மட்டும் ஊர் கண்ணை மூடிக்கொள்வது எவ்விதத்திலும் நாகரிகம் ஆகாது. முதலாவதாக, அவருக்கு வேலை வேண்டும். அறுவடையோ கட்டடமோ கடைக்கணக்கோ, பொழுது சாயும்வரை கையும் மனமும் ஓயாதிருக்கும் வேலை ஒன்றை ஊரில் யாரேனும் தர முன்வர வேண்டும். கூலியை அவர் சம்மதத்தோடு மனைவியின் கையில் கொடுக்க ஏற்பாடு செய்தல் நலம். இரண்டாவதாக, மாலை வேளைக்கு ஒரு கூட்டம் வேண்டும். வாசகசாலையோ பஜனை மடமோ பந்தாட்டமோ எதுவாயினும் சரி. ஏற்கெனவே குடியை வென்ற ஒருவர் அங்கே இருப்பாராயின் அவர் ஒருவரே பத்து உபதேசிகளுக்குச் சமம். மூன்றாவதாக, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரோடு தொடர்பு அறுபடாதிருக்க வேண்டும்.

நான்காவது ஒன்று உண்டு. அது எல்லாவற்றிலும் கடினமானது. அவர் ஒருநாள் தவறுவார். நீண்ட நாள் நோய்கள் மீண்டும் தலைகாட்டுவது இயல்பு, இதுவும் அத்தகையதே. அன்றைக்கு ஊர் சிரித்தால் அவர் திரும்பவும் பழைய குழியில் வீழ்வார். அன்றைக்கு ஒருவர் சென்று கதவைத் தட்டி, மறுநாள் வேலைக்கு அழைத்துப் போனால் மீள்வார். புதுப்பாளையத்துப் பெண்கள் கணவன் தவறிய மறுநாளும் நூலை எடுத்துக்கொண்டு ஆசிரமத்திற்கு வர முடிந்தது. கதவு சாத்தப்படவில்லை. அம்முறையின் ரகசியம் இதுவே.

மலையிலிருந்து இறங்கி வரும் குடிகளையும் இக்காரியத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அவர்களுடைய சாமைக்கும் தேனுக்கும் நியாயமான விலை கிடைக்கச் செய்வது, போலீஸ் சோதனைகள் நூறு செய்தும் சாதியாததைச் சாதிக்கக்கூடும். சாராயப் பானையைவிட நேர்மையான தொழில் லாபகரமாயிருந்தால் எவன்தான் காட்டுக்குள் ஒளிவான்?

மதுவிலக்குச் சட்டம் மீண்டும் வர வேண்டுமா என்பது சட்டசபையில் முடிவாக வேண்டிய விஷயம். அதுவரை காத்திருக்க உங்கள் உறவினருக்கு அவகாசம் இல்லை. அவருக்கு உள்ளது இன்றைய மாலை ஒன்றே. தொண்ணூற்றிரண்டு வயதுக் கிழவர், தமக்கு எவ்வித லாபமும் இல்லாத ஒரு காரியத்திற்காக, மழையில் நனைந்துகொண்டு பிறர் வீட்டுப் படியேறினார். நாம் ஏற வேண்டிய படி அவ்வளவு தூரத்தில் இல்லை. அடுத்த தெருவில்தான் இருக்கிறது. கண்ணமங்கலத்து அன்பர் இன்று மாலையே அங்கு செல்வார் என்று நம்புகிறோம்.